கோப்பு மரமும் குடியிருப்பு உரிமையும்: யூனிக்ஸ் அடைவுகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியில் கோப்புகளின் அடிவேர்வரை போய்ப் பார்த்தால் பதினைந்து இருபது அடைவுகள் வரிசையாக நிற்கும். அடைவு என்பது டைரக்டரி. கோப்புகளின் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் இடம். /பின், /லிப், /இடிசி, /வார், /ஹோம், /யுஎஸ்ஆர் என்று மூன்று நான்கு எழுத்துகளில் வெட்டிக் குறுக்கிய பெயர்கள். கணினியை இயக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகள் இவற்றுக்குள் பங்குபோட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த விதிகள் உண்டு. விதிகளுக்குக் காரணங்களும் உண்டு.

இந்தக் காரணங்களைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டளை நிரல்களுக்கு /பின் என்று ஓர் இடம் இருக்கும்போது /யுஎஸ்ஆர்/பின் என்று இன்னொன்று எதற்கு? 'யூசர்' என்ற சொல்லின் சுருக்கமான யுஎஸ்ஆருக்குள் பயனருடைய கோப்பு ஒன்றுகூட இல்லையே, ஏன்? பாடப்புத்தகங்களில் இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில்கள் எல்லாமே நிகழ்ச்சிக்குப் பிறகு பிறந்தவை. முதலில் ஒரு நெருக்கடி, நெருக்கடிக்கு ஓர் ஒப்பேற்றல், ஒப்பேற்றல் பழக்கமாகிறது, பழக்கம் விதியாகிறது, கடைசியில் விதிக்கு ஒரு தத்துவம் எழுதப்படுகிறது. சமூக நிறுவனங்களைப் பற்றி நாம் பேசிப் பழகிய இந்த வரிசை, கணினிக்குள்ளும் ஆண்டு, தேதி, ஆவணத்தோடு கிடைக்கிறது என்பதுதான் சங்கதி. 'அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்' என்று நாம் ஒதுங்கிக்கொள்வதால் இந்த ஆவணங்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன.

2

முதலில் மரத்தைப் பார்ப்போம். அடைவுக்குள் அடைவாக, கிளைக்குள் கிளையாகக் கோப்புகளை வைக்கும் முறை யூனிக்ஸுக்கு முந்தியது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து நடத்திய மல்டிக்ஸ் திட்டத்துக்காக டேலி, நியூமன் இருவரும் 1965இல் எழுதிய கட்டுரையில் அது முழு வடிவில் இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகம் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. கைவிடப்பட்டவர்களில் இருவர், கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய எந்திரத்தில் தங்களுக்கென்று ஓர் அமைப்பை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் யூனிக்ஸ்.

அந்த முதல் யூனிக்ஸில் 'பாதை' கிடையாது. அதாவது வேரிலிருந்து கிளை கிளையாகச் சாய்கோடு போட்டு ஒரு கோப்பின் முழு முகவரியை எழுத முடியாது. அடைவுகள் ஒன்றையொன்று இணைப்புகளால் தொட்டுக்கொண்டிருந்தன. மரம் என்பதைவிட வலை என்பதே பொருந்தும். இன்னொரு விசேஷம்: அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய அடைவை உண்டாக்க வழியில்லை. காகித நாடாவிலிருந்து முழுக் கோப்பமைப்பையும் மறுபடி ஏற்றும்போதுதான் அது முடியும். இருக்கிற அடைவுகளை வைத்து ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் ரிச்சியே 1979இல் பின்னோக்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

யூனிக்ஸில் ஒரு கோப்பு எந்த அடைவுக்குள்ளும் 'இருப்பதில்லை' என்பதும் இங்கே கவனத்துக்குரியது. அடைவில் இருப்பது ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. கோப்பின் உடம்பு வட்டில் வேறெங்கோ கிடக்கிறது. எண் அதைச் சுட்டுகிறது. ஒரே உடம்புக்கு மூன்று அடைவுகளில் மூன்று பெயர்கள் இருக்கலாம். மூன்றும் சமம், எதுவும் மூலப்பெயர் அல்ல. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று சசூரைச் சுற்றி நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். இங்கே அது எந்திரத்தின் வேலைமுறையாகவே இருக்கிறது.

அப்படியானால் மரம் எங்கிருந்து வந்தது? விதித்ததால் வந்தது. ஒவ்வோர் அடைவுக்கும் ஒரே ஒரு தாய் அடைவுதான் இருக்க வேண்டும் என்று தாம்ப்சனும் ரிச்சியும் கட்டுப்படுத்தினார்கள். 1974இல் வெளியான தங்கள் கட்டுரையில் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். கிளைகளை நடந்து பார்க்கும் நிரல்களை எழுதுவது சுலபமாகும். அதைவிட முக்கியமாக, வேரோடு தொடர்பறுந்து எந்தப் பகுதியும் தனித்துப்போய்விடாது. அடைவுகளை இஷ்டத்துக்கு இணைக்க விட்டால், வேருக்கும் ஒரு பகுதிக்கும் இடையிலான கடைசி இழை எப்போது அறுந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆக, மரம் என்பது பொருள்களின் இயல்பு அல்ல, நிர்வாக வசதி. ஒவ்வோர் அடைவுக்குள்ளும் தன் தாயைச் சுட்டும் இரட்டைப்புள்ளி ஒன்று உண்டு. வேர் அடைவின் இரட்டைப்புள்ளி யாரைச் சுட்டுகிறது? வேரையேதான். மேலே யாரும் இல்லாத இடத்தில் தானே தனக்குத் தாய்.

3

இனி யுஎஸ்ஆர் கதை. பிடிபி-11 என்ற புதிய எந்திரம் 1970இல் பெல் ஆய்வகத்துக்கு வந்தது. அதில் ஓடிய தொடக்க கால யூனிக்ஸுக்கு வாய்த்த வட்டு அரை மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. அந்த வட்டை வைத்துக்கொண்டு ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை தட்டச்சர்களுக்கும் வேலை செய்துகொடுத்தார்கள். பிறகு வட்டுகள் கூடின. 1974 கட்டுரை தரும் விவரப்படி, ஒரு மெகாபைட் கொள்ளளவுள்ள நிலைத்தலை வட்டு ஒன்று, தலைக்கு 2.5 மெகாபைட் வீதம் சிறிய வட்டுகள் நான்கு, 40 மெகாபைட் பெரிய வட்டு ஒன்று. நிலைத்தலை வட்டு வேகமானது, சிறியது, விலை கூடியது. வேர் அடைவு அதில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் பெரிய வட்டில்.

இரண்டு வட்டுகள் ஒரே மரமாக எப்படித் தெரிந்தன? 'மவுண்ட்' என்ற கட்டளை மூலம். ஒரு மரத்தின் இலை நுனியில் இன்னொரு முழு மரத்தை ஒட்டவைத்துவிடலாம். ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. பாதையை எழுதிக்கொண்டே போனால் எங்கே ஒரு வட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமலே எல்லையைத் தாண்டிவிடுவோம். ஒரே ஒரு இடத்தில்தான் அந்த எல்லை காட்டிக்கொடுக்கும்: ஒரு வட்டின் அடைவிலிருந்து இன்னொரு வட்டின் கோப்புக்கு நேரடி இணைப்புப் போட முடியாது.

யுஎஸ்ஆர் என்பது பயனர்களின் குடியிருப்பு. தாம்ப்சன், ரிச்சி முதற்கொண்டு எல்லோருடைய சொந்த அடைவும் அதற்குள்தான். ஆனால் வேர் இருந்த சின்ன வட்டில் இடம் பத்தவில்லை. நிரல்கள் பெருகிக்கொண்டே போயின. அரசு அலுவலகத்தில் இடமில்லை என்று பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டு பலகை மாட்டுவதுபோல, அமைப்பின் நிரல்கள் பயனர் வட்டுக்குள் நுழைந்தன. /பின் இங்கே இருக்க, /யுஎஸ்ஆர்/பின் அங்கே முளைத்தது. /லிப்புக்கு /யுஎஸ்ஆர்/லிப். /டிஎம்பிக்கு /யுஎஸ்ஆர்/டிஎம்பி.

இதற்கு ஆதாரம் 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் கையேடு. கோப்பு மரத்தை விவரிக்கும் பக்கத்தில் /யுஎஸ்ஆர்/பின் எதற்கு என்பதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே ஒன்று: /பின் பெருத்துவிடாமல் இருக்க. லிப்புக்கும் டிஎம்பிக்கும் அதே காரணம்தான். தத்துவம், வகைப்பாடு, கொள்கை எதுவும் இல்லை. வீட்டில் சாமான் சேர்ந்துவிட்டது, கொஞ்சத்தைத் தூக்கிப் பரணில் போட்டோம் என்று சொல்வதுபோன்ற நேர்மை அது. அதே பக்கத்தில் /யுஎஸ்ஆருக்குள் பயனர்களின் பெயர்களில் அடைவுகளும் பட்டியலாகின்றன. குடியிருந்தவர்கள் அப்போது இன்னும் வெளியேறவில்லை.

2010இல் ராப் லேண்ட்லி என்ற நிரலாளர் இந்தக் கதையைச் சுருக்கமாக எழுதி, அது பரவலாகப் படிக்கப்பட்டது. பின்னால் கட்டிய காரணங்களை உடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் சொல்லும் வரிசையில், இரண்டாவது வட்டும் நிரம்பி மூன்றாவது வந்ததும் பயனர்கள் /ஹோமுக்குக் குடிபெயர்கிறார்கள். ஏழாம் பதிப்பின் கையேடு இதற்கு இடம்கொடுக்கவில்லை. 1979இலும் அவர்கள் /யுஎஸ்ஆரில்தான். /ஹோம் பரவலானது 1980களின் பிற்பகுதியில், வணிக யூனிக்ஸ்களின் காலத்தில். புராணத்தை உடைக்க வருகிற கதையும் கொஞ்சம் புராணமாகிவிடுகிறது. மூல ஆவணத்தைப் படிப்பதற்கு மாற்று கிடையாது.

4

காரணங்கள் எப்போது பிறந்தன? முதலாவது காரணம், உண்மையில், அமைப்பின் வேலைமுறையிலேயே பிறந்தது. கணினி உயிர்பெறும்போது வேர் வட்டு மட்டும்தான் கிடைக்கும். மற்ற வட்டுகளை மவுண்ட் செய்து ஒட்டவைக்க வேண்டும். மவுண்ட் என்ற நிரலே /யுஎஸ்ஆர் வட்டுக்குள் இருந்தால்? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். எனவே எழுந்து நிற்கத் தேவையானவை வேரிலும், மற்றவை /யுஎஸ்ஆரிலும் இருக்க வேண்டும் என்றானது. இது நியாயமான காரணம். ஆனால் பிரிவினைக்கு இது காரணமல்ல, பிரிவினையின் விளைவு. ஒரே வட்டாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இரண்டாவது காரணம் 1980களில் வந்தது. சன் நிறுவனம் வட்டே இல்லாத கணினிகளை வலையமைப்பில் கோத்து விற்றது. ஒரே /யுஎஸ்ஆரைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் அதில் யாரும் எழுதக் கூடாது. எனவே மாறிக்கொண்டே இருப்பவை, அதாவது அஞ்சல், அச்சு வரிசை, பதிவேடுகள் எல்லாம், /வார் என்ற தனி அடைவுக்குப் போயின. பயனர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. வாசலில் யூசர் என்ற பலகை இருக்க, உள்ளே பயனர் எழுதக் கூடாது என்பது சட்டமாயிற்று.

லினக்ஸ் பெருகிய 1990களில் விநியோகங்களுக்குள் ஆளுக்கொரு ஒழுங்கு இருந்ததால் பொது விதி தேவைப்பட்டது. 1994 பிப்ரவரியில் முதல் கோப்பமைப்புத் தரவிதி வெளியானது. விரிவாக்கப்பட்ட வடிவம் 1997இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2015இல். இந்தத் தரவிதியின் மொழியைக் கவனிக்க வேண்டும். பகிரத்தக்கவை × பகிரத்தகாதவை, மாறாதவை × மாறுபவை என்று இரண்டு எதிர்வுகளை வைத்து எல்லாக் கோப்புகளையும் அது வகைப்படுத்துகிறது. அமைப்பியலாளர் ஒருவர் எழுதியதுபோலவே இருக்கும். பெல் ஆய்வகத்தின் இடப் பற்றாக்குறை இங்கே இருமை எதிர்வுகளால் ஆன இலக்கணமாகிவிட்டது. விதி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்துவதே அவர்களுக்கு வந்த வேலை. ஆனால் இலக்கணம் எழுதப்பட்டதும் வழக்கு அந்த இலக்கணத்திலிருந்து பிறந்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

பெயர்களுக்கும் இதே கதி. யுஎஸ்ஆர் என்பது 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்பதன் சுருக்கம் என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது பிற்காலக் கற்பிதம். காரணப்பெயர் ஒன்று காரணம் இழந்து இடுகுறியாகிறது. இடுகுறியாகவே விட்டுவைக்க மனமில்லாமல் அதற்குப் புதுக் காரணம் கற்பிக்கிறார்கள். தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வது இப்படித்தான். புது விளக்கத்தில் பயனர் என்ற ஆள் அடியோடு காணாமல்போய்விட்டார் என்பதைக் கவனியுங்கள். வெளியேற்றம் நடந்தது மட்டுமல்ல, அங்கே குடியிருந்ததற்கான சுவடும் அழிந்தது.

/இடிசி இன்னும் சுவாரஸ்யம். அது 'எட் செட்டரா', அதாவது இன்னபிற. எதிலும் சேராதவற்றைப் போட்டுவைத்த பெட்டி. யார் யார் பயனர், யாருக்கு என்ன கடவுச்சொல் என்ற கோப்பு அந்தப் பெட்டியில்தான் இருந்தது. இன்று கணினியின் எல்லா அமைவுகளும் அங்கேதான். இன்னபிற என்று ஒதுக்கப்பட்ட இடமே அதிகார மையமாயிற்று. அதற்கும் இப்போது வேறு ஆங்கில விரிவு கட்டிச் சொல்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நிலைமை வேறல்ல. சுருக்கமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே ஒட்டுப்போட்ட மரம் இல்லை. ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஏ, பி இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு. அந்த டாஸில் அடைவுக்குள் அடைவே கிடையாது. 1983இல் வன்வட்டோடு வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது வந்தது. வன்வட்டைப் பாகப்பிரிவினை செய்யும் அட்டவணையும் அதோடுதான். 64 பைட், நான்கு பங்கு, அதற்குமேல் கிடையாது. நெகிழ்வட்டுகள் ஒழிந்து எத்தனையோ ஆண்டாகியும் வன்வட்டு இன்னும் 'சி'தான். 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற அடைவுக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் '64' என்ற எண்ணைப் பெயரில் கொண்ட வேறோர் அடைவில் இருக்கின்றன. பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்ற பெயரை நம்பியிருந்ததால் பெயரை மாற்ற முடியவில்லை. பெயர் சொல்வதற்கு நேர்மாறானது உள்ளே.

5

பிரிவினைக்கான பழைய காரணங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. வட்டில் இடம் பெருகியது. கணினி எழும்போது நினைவகத்திலேயே ஒரு சிறு தற்காலிகக் கோப்பு மரத்தை ஏற்றி, அதிலிருந்து மற்ற வட்டுகளைத் திறக்கும் முறை லினக்ஸில் வந்தபின் பெட்டிக்குள் சாவி என்ற பிரச்சினையும் தீர்ந்தது. வேரில் இருந்த நிரல்களே /யுஎஸ்ஆரில் உள்ளவற்றைச் சார்ந்திருக்கத் தொடங்கியதால் பிரிவினை ஏட்டளவில் மட்டும் இருந்தது. 2012இல் ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியனில் விவாதம் பல ஆண்டுகள் இழுத்தது. 2023இல் வந்த பதிப்பில்தான் இணைப்பு கட்டாயமானது.

ஒன்றாக்கியது எப்படி என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. /பின்னை அழிக்கவில்லை, அழிக்கவும் முடியாது. எண்ணற்ற நிரல்களின் முதல் வரியில் அந்தப் பழைய முகவரி எழுதப்பட்டிருக்கிறது. எனவே எல்லாக் கோப்புகளையும் /யுஎஸ்ஆர்/பின்னுக்கு மாற்றிவிட்டு, /பின் என்ற இடத்தில் 'அங்கே போ' என்று கைகாட்டும் ஒரு குறியிணைப்பை வைத்தார்கள். 1983இல் பெர்க்லி யூனிக்ஸோடு பரவிய இந்தக் குறியிணைப்பு, வட்டின் எல்லையையும் தாண்டவல்லது. அதற்குள் இருப்பது வெறும் முகவரி. டெபியனில் இதுவே சிக்கலானது. நிரல் பொதிகளை நிறுவும் கருவிக்கு இரண்டு முகவரியும் ஒரே இடம் என்று தெரியாது. ஒரு கோப்பு இங்கிருந்து அங்கே மாறியதாக நினைத்து, இருந்த ஒன்றையும் அது அழித்துவிடும் ஆபத்து இருந்தது. ஒழுங்கைக் கலைப்பது சுலபம், அந்த ஒழுங்கை நம்பி எழுதப்பட்ட பதிவேடுகளைத் திருத்துவதுதான் பாடு.

மரத்தையே மறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸில் ஒவ்வொரு நிரல்பொதிக்கும் தனித்த அடையாளம் கொண்ட தனி அடைவு. /பின், /யுஎஸ்ஆர் என்ற பாகுபாடே வழக்கில் இல்லை. ஆனாலும் அதில் /பின்னுக்குள் ஒரு கோப்பும் /யுஎஸ்ஆர்/பின்னுக்குள் ஒரு கோப்பும் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. வெளியுலகத்து நிரல்கள் அவற்றைத் தேடிவரும் என்பதால். புரட்சி நடந்த ஊரிலும் பழைய தபால்பெட்டிகள் இரண்டு இருக்கின்றன.

6

இதுவரை பார்த்த கோடுகள் பற்றாக்குறை போட்டவை. இப்போது வேறு வகைக் கோடு வந்திருக்கிறது. 2015இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் /பின், /யுஎஸ்ஆர் முதலிய அடைவுகளை, /யுஎஸ்ஆர்/லோக்கல் என்ற ஒரு மூலையைத் தவிர்த்து, உச்ச அதிகாரம் கொண்ட ரூட் கணக்காலும் மாற்ற முடியாதபடி பூட்டியது. 2019இல் அமைப்புக் கோப்புகள் அனைத்தும் எழுத முடியாத தனிப் பகுதிக்குப் போயின. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் /சிஸ்டம் தனிப் பகுதி, /டேட்டா தனிப் பகுதி. முன்னது திருத்தப்படவில்லையா என்று கைப்பேசி எழும்போதே சரிபார்க்கப்படுகிறது. அதற்குள்ளும் /சிஸ்டம்/பின் என்று ஓர் அடைவு இருக்கிறது என்பது வேறு விஷயம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய வட்டுச் சிக்கலின் பெயர் நம் சட்டைப்பையில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. யூனிக்ஸ் மரபில் பயனர் என்பவர் ஓர் ஆள். அவருக்கு ஓர் எண். அந்த எண்ணுக்குச் சில உரிமைகள். ஆண்ட்ராய்டில் அந்தப் பயனர் எண் தரப்படுவது செயலிகளுக்கு. ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனர்; ஒன்றின் கோப்பை மற்றது தொட முடியாது. யுஎஸ்ஆர் என்ற வீட்டிலிருந்து வெளியேறிய பயனர், இப்போது பயனர் என்ற இலக்கண நிலையிலிருந்தும் கிட்டத்தட்ட வெளியேறிவிட்டார். கைப்பேசியை விலைகொடுத்து வாங்கியவருக்கு ரூட் அதிகாரம் கிடையாது. அதைப் பெறுவதற்கு 'ரூட் செய்வது' என்று வினைச்சொல்லே உண்டாகியிருக்கிறது. ஏதோ களவு வேலைபோல அது ஒலிக்கிறது.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இந்தப் பூட்டுகளுக்குச் சொல்லப்படும் பாதுகாப்புக் காரணம் பொய்யல்ல. களவுநிரல் ஒன்று அமைப்புக் கோப்புகளை மாற்றி நிரந்தரமாகக் குடியேறுவதை அவை பெருமளவு தடுக்கின்றன. ஒரு செயலி இன்னொன்றின் செய்திகளைப் படிக்க முடியாமல் இருப்பது, கண்காணிப்புக்கு அஞ்ச வேண்டிய நிலையிலுள்ள செயல்பாட்டாளர்களுக்குத்தான் மற்ற எவரையும்விடத் தேவை. 'சுவரை இடி' என்று சும்மா கோஷம் போட்டால் முதலில் அடிபடுவது நாமாகத்தான் இருப்போம். ஆகவே கேள்வியைச் சுவர் மீது வைக்க வேண்டாம், சாவி மீது வைப்போம். சில கைப்பேசிகளில் உரிமையாளரே பூட்டைத் திறக்கலாம். உள்ளே உள்ள தரவுகள் அழியும் என்ற எச்சரிக்கையோடு அதற்கு வழி உண்டு. சிலவற்றில் அந்த வழியே இல்லை. இரண்டிலும் சுவர் ஒன்றேதான். பாதுகாப்பு என்ற அதே காரணம்தான் இரண்டுக்கும் சொல்லப்படுகிறது. வேறுபாடு, யார் கையில் சாவி என்பதில் மட்டும். பாதுகாப்பு என்ற காரணத்தால் விளக்க முடியாத மிச்சம் எதுவோ, அதுவே அதிகாரம்.

ஏழாம் பதிப்பின் கையேட்டை எழுதியவர்கள் 'அது பெருத்துவிடாமல் இருக்க' என்று உள்ளதைச் சொன்னார்கள். பதினைந்து ஆண்டுகளில் அது கொள்கையாகிவிட்டது. இன்று கைப்பேசிக்குள் போடப்படும் கோடுகளும் சில ஆண்டுகளில் அப்படித்தான் ஆகும். வேறு விதமாக இருந்திருக்கலாம் என்பதே யாருக்கும் தோன்றாது. கோடு போடப்படும்போதே அது ஏன் போடப்பட்டது, யாருக்கு இடம் பத்தாமல் போனது, யார் வீட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதிவைப்பது பொறியாளர்களின் வேலை மட்டுமல்ல. ஆவணங்கள் ஆங்கிலத்தில், சலிப்பூட்டும் கையேடுகளில் கிடக்கின்றன. இலக்கண உரைகளையும் கல்வெட்டுகளையும் வரி வரியாகப் படிக்கப் பழகிய நமக்கு அவற்றைப் படிப்பது அப்படியொன்றும் முடியாத காரியம் அல்ல.